எரிச்சல்னா இங்கிலீஷ்ல என்ன?

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் ஓவர். அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கமே தலை காட்டல. (அப்பாடா, நிம்மதியா இருந்தோம்னு யாரோ சொல்றது காதுல விழுது.) இந்தப் பதிவும் மொக்கையா ஆரம்பிச்சு வேற எங்கயோ போய் நிக்கும்னு நினைக்கிறேன். பொறுத்தருள்க.

முதல்ல ஒரு சின்ன டெஸ்ட். "எரிச்சல்" - இதுக்கு ஒத்தை வார்த்தைல இங்கிலீஷ் சொல்லுங்க பாப்போம். யோசிக்கக் கூடாது, டக்குனு சொல்லணும்.

"இரிடேஷன்"னு சொன்னவங்க எல்லாம் கையைத் தூக்குங்க. நானும் உங்க கட்சிதான். அந்த ஒரு வார்த்தையை வெச்சு எங்கம்மாவுக்கு நான் செஞ்ச நல்ல காரியத்தைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

கொசுவத்தியைப் பத்த வெச்சுக்கோங்க.

நான் பொட்டி தட்டுறது புனேல. போன வருஷம் ஜூலைல அம்மா ஊர்ல இருந்து வந்திருந்தாங்க. விருதுநகர் பக்கத்துல இருந்து கிளம்பி, ரெண்டு டிரெயின் மாறி, கூடவே ஒரு மூட்டை சீவல், சேவு எல்லாம் தூக்கிட்டு. பையன் இளைச்சுட்டானாம். (என் தொப்பையைப் பாத்தும் அப்படிச் சொல்ல ஒரு மனசு வேணும்.)

வந்து ஒரு வாரம் இருக்கும். ஒரு வியாழக்கிழமை ராத்திரி வலது பக்க விலாவைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. என்னம்மான்னா "ஒண்ணுமில்லய்யா, வாயுப் பிடிப்பா இருக்கும்"னாங்க. வெள்ளிக்கிழமையும் அதே கதை. சனிக்கிழமை காலைல கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனேன்.

டாக்டரம்மா மராத்திக்காரங்க. நல்ல மாதிரி. அம்மாவுக்குத் தமிழைத் தவிர வேற எதுவும் தெரியாது. என் ஹிந்தி ஆட்டோக்காரர்கிட்ட பேரம் பேசுற அளவோட நின்னு போச்சு. ஆக எங்க மூணு பேருக்கும் நடுவுல பாலம் இங்கிலீஷ். பாலத்துக்குக் காவல்காரன் அடியேன்.

அம்மா சொன்னதை அப்படியே எழுதறேன்:

"இந்தப் பக்கம் தீயா எரியுது. மேல புடவை பட்டாக்கூட தாங்கல. காத்து பட்டாலும் எரியுது. நடுநடுவுல உள்ளேருந்து ஊசியால சுருக்குனு குத்துது. முதுகுல இருந்து முன்னால வரைக்கும் கயிறு கட்டுன மாதிரி ஒரே வரிசையா இருக்கு."

டாக்டர் என் மூஞ்சியைப் பாத்தாங்க. நான் தொண்டையைக் கனைச்சுக்கிட்டு சொன்னேன்:

"டாக்டர், ஷி ஹாஸ் இரிடேஷன் இன் த செஸ்ட்."

அவ்வளவுதான். அஞ்சு வாக்கியத்தை ஒரே வாக்கியமா சுருக்கிட்டேன். அதுல ஒரு பெருமை வேற.

டாக்டர் "இரிடேஷன்? இருமல் இருக்கா?"ன்னு கேட்டாங்க. இல்லன்னேன். சரியா வரலையோன்னு "பர்னிங்"னு மாத்தினேன். "சாப்பாட்டுக்கு அப்புறமா?" முந்தின நாள்தான் அம்மாவுக்கு மிசல் பாவ் வாங்கிக் குடுத்திருந்தேன், அந்தக் காரத்துக்கு எனக்கே வயிறு கபகபன்னு இருந்துச்சு. ஆமா டாக்டர்ன்னேன். நெஞ்சுன்னு சொல்லிட்டதால ஒரு ஈசிஜி எடுத்தாங்க. நார்மல். அசிடிட்டிக்கு மாத்திரை எழுதிக் குடுத்தாங்க.

வெளிய வந்ததும் அம்மா கேட்டாங்க, "புடவை பட்டா எரியுதுன்னு சொன்னியாய்யா?"

"எல்லாம் சொல்லிட்டேன்மா."

பொய். ஏன் சொல்லலைன்னு பல தடவை யோசிச்சுப் பாத்துட்டேன். மறதி எல்லாம் இல்ல. அந்த வரி எனக்குப் பட்டிக்காட்டுப் பேச்சு மாதிரி தெரிஞ்சுது. ஏசி ரூம்ல உக்காந்து ஒரு டாக்டர்கிட்ட போய் "புடவை பட்டா எரியுதாம், கயிறு கட்டுன மாதிரி இருக்காம்"னு சொல்றதா? அதுக்குன்னு கச்சிதமா ஒரு இங்கிலீஷ் வார்த்தை இருக்கும், அதைச் சொன்னாத்தான் படிச்சவன் மாதிரி இருக்கும்னு ஒரு நெனப்பு.

இதுக்கு ஒரு வரலாறு இருக்கு. பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். இஞ்சினியரிங் காலேஜ்ல முதல் வருஷம் இங்கிலீஷுக்குப் பயந்து பாக்கெட் நோட்டு ஒண்ணு வெச்சிருந்தேன். இடது பக்கம் தமிழ், வலது பக்கம் இங்கிலீஷ். ஒண்ணுக்கு ஒண்ணு. நம்ம பாஷைல சொன்னா ஹேஷ்மேப். அதுல "எரிச்சல் = இரிடேஷன்"னு எழுதி மனப்பாடம் பண்ணது இன்னும் ஞாபகம் இருக்கு. வேலைக்கு வந்த பிறகு அந்த வார்த்தை தினம் உபயோகப்பட்டுச்சு. மேனேஜர் ஒரு எரிச்சல், கிளையண்ட் ஒரு எரிச்சல்.

யோசிச்சுப் பாருங்க. எரிச்சல், கடுப்பு, குடைச்சல், உளைச்சல் - எல்லாமே உடம்பு வலிக்கு இருக்கற வார்த்தைங்க. கால் கடுக்கும், எலும்பு குடையும், கை உளையும். நாம அதை எல்லாம் தூக்கிட்டு வந்து ஆபீஸ்ல வெச்சுட்டோம். டேமேஜர் குடைச்சல் குடுக்கறார், டெட்லைன் கடுப்பேத்துது, அப்ரைசல் வந்தா மன உளைச்சல். எங்கம்மா உடம்பு எரியுதுன்னு சொன்னாங்க. நான் ஆபீஸ் அகராதியைப் பிரிச்சுப் பதில் சொல்லிட்டேன். டாக்டருங்களுக்கு இரிடேஷன்னா லேசான உறுத்தல், அரிப்பு. தீ இல்ல.

சரி, கதைக்கு வருவோம்.

திங்கக்கிழமை குளிக்கும்போது விலாவுல செவப்பா நாலஞ்சு பொட்டு இருந்ததை அம்மா பாத்திருக்காங்க. மழைக்காலம், ஏதோ பூச்சி கடிச்சிருக்கும்னு தேங்கா எண்ணெயைத் தடவிட்டு விட்டுட்டாங்க. என்கிட்ட சொல்லல. புள்ளைக்கு ஆபீஸ் இருக்குல்ல.

புதன்கிழமை சாயங்காலம் கீழ் வீட்டு ஆஜி வந்தாங்க. எழுபது வயசுக்கு மேல இருக்கும். ஆஜிக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு மராத்தி தெரியாது, ஆனா ரெண்டு பேரும் தினம் ஒரு மணி நேரம் பேசுவாங்க. என்ன பேசுவாங்கன்னு அந்த விட்டலனுக்கே வெளிச்சம். அன்னிக்கு அம்மா முந்தானையை உடம்புல படாம கையால தூக்கிப் பிடிச்சுக்கிட்டே நடந்ததை ஆஜி பாத்திருக்காங்க. கிட்ட வந்து விலக்கிப் பாத்தாங்க. நான் ஆபீஸ்ல இருந்து உள்ள நுழையுறேன், ஆஜி என்னைப் பாத்து கைய நெளிச்சுக் காட்டி "நாகீண்! நாகீண்!"னு சத்தம் போடறாங்க.

வீட்டுக்குள்ள பாம்பு வந்துருச்சுன்னு நான் சோபா மேல ஏறிட்டேன். (சிரிக்காதீங்கப்பா.)

அம்மாவுக்குத்தான் முதல்ல புரிஞ்சுது. குனிஞ்சு கொப்புளத்தை ஒரு தடவை பாத்துட்டு, "அட, அக்கி போட்டிருக்குடா"ன்னாங்க.

மராத்தில இந்த நோய்க்குப் பேரே நாகீண்தான். பெண் நாகம். பாம்பு மாதிரி உடம்பைச் சுத்திக்கிட்டு வருதாம். நம்ம ஊர்ல அக்கி. வேளார் வீட்டுக்குப் போய் காவிக்கல்லைக் குழைச்சு அக்கி எழுதிட்டு வருவாங்களே, அதேதான். இங்கிலீஷ்ல ஷிங்கிள்ஸ். (ஆபீஸ்ல ஒருத்தன்கிட்ட சொன்னப்ப "நீதானே மச்சி சிங்கிள், அம்மாவுக்கு எப்படி"ன்னான். அவனுக்குத் தனியா ஒரு பதிவு இருக்கு.)

அன்னிக்கு ராத்திரியே அதே டாக்டர்கிட்ட ஓடினோம். பாத்த உடனே சொல்லிட்டாங்க. சின்ன வயசுல வந்த சின்னம்மையோட வைரஸ் உடம்பை விட்டுப் போறதே இல்லையாம். நரம்போட வேர்ல போய்ப் படுத்துக்குமாம். வயசாகி எதிர்ப்பு சக்தி குறையும்போது முழிச்சுக்கிட்டு, ஏதாவது ஒரு நரம்பு வழியா வெளிய வரும். அதனாலதான் உடம்புல ஒரு பக்கமா, ஒரு பட்டையா வருது. கொப்புளம் வர்றதுக்கு சில நாள் முன்னாடியே அந்த இடம் எரிய ஆரம்பிச்சுடும். வைரஸுக்கான மாத்திரையை கொப்புளம் கிளம்பி 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா நல்லது.

"எப்ப வந்துச்சு?"

"திங்கக்கிழமைதான் பாத்தேன். முதுகுல முன்னாடியே வந்திருந்தா எனக்கெங்க தெரியும்"னாங்க அம்மா. இந்தத் தடவை வார்த்தை விடாம மொழிபெயர்த்தேன்.

டாக்டர் அடுத்ததா கேட்டாங்க, "துணி பட்டா வலிக்குதா?"

நான் பதில் சொல்றதுக்கு கொஞ்ச நேரம் ஆச்சு. "முதல் நாளே சொன்னாங்க டாக்டர். நான்தான் உங்ககிட்ட சொல்லல."

திட்டுவாங்கன்னு பாத்தேன். திட்டல. "கொப்புளம் வராம யாரும் உறுதியா சொல்லிட முடியாது. ஆனா துணி பட்டா எரியுது, ஒரு பக்கம், பட்டையான்னு கேட்டிருந்தா, தோல்ல ஏதாவது கிளம்புதா பாத்துக்கிட்டே இருங்க, ஒரு பொட்டு தெரிஞ்சாலும் ஓடி வாங்கன்னு அன்னிக்கே சொல்லி அனுப்பியிருப்பேன்"னு மட்டும் சொன்னாங்க. திட்டியிருந்தா தேவலாம்.

கொப்புளம் மூணு வாரத்துல காஞ்சு உதிர்ந்துடுச்சு. எரிச்சல் போகல. சிலருக்கு, அதுவும் வயசானவங்களுக்கு, அடிபட்ட நரம்பு மாசக்கணக்குல வலிச்சுக்கிட்டே இருக்குமாம். அம்மா அந்த சிலர்ல ஒருத்தர் ஆயிட்டாங்க. நரம்பு வலிக்கு தனியா மாத்திரை. ரெண்டு மாசம் இருக்கலாம்னு வந்தவங்க ஆறு மாசம் இருந்தாங்க. ராத்திரி அப்பாவோட பழைய வேட்டியை, தொவைச்சு தொவைச்சு பஞ்சா போனதை, ஊர்ல இருந்து வரவழைச்சு போத்திக்குவாங்க. அது மட்டும்தான் உறுத்தாதாம். நடு ராத்திரி பக்கத்து ரூம்ல இருந்து "ஸ்ஸ்"னு ஒரு சத்தம் வரும். நானும் முழிச்சுக்கிட்டுதான் இருப்பேன்.

சீக்கிரம் போயிருந்தா இந்த வலி வந்திருக்காதான்னு கேட்டா டாக்டராலயே சத்தியம் பண்ணிச் சொல்ல முடியல. ஒருவேளை எப்படியும் வந்திருக்கலாம். அந்த "ஒருவேளை"யோட நான் இருந்துக்க வேண்டியதுதான்.

தூக்கம் வராத அந்த ராத்திரிங்கள்ல அந்த ஒத்தை வார்த்தையைத் தேட ஆரம்பிச்சேன். அப்பதான் ஒரு விஷயம் தெரிஞ்சுது. கனடால மாண்ட்ரியல்ல, மெக்கில் பல்கலைக்கழகத்துல ரொனால்ட் மெல்சாக்னு ஒரு உளவியல் பேராசிரியர் இருந்தார். டாக்டருங்க வலியை "எவ்வளவு"ன்னு மட்டும் கேக்கறாங்க, "எப்படி"ன்னு கேக்கறதில்லைங்கறது அவர் குறை. நோயாளிகள் வலிக்குச் சொல்ற வார்த்தைகளை எல்லாம் திரட்டி 1975ல ஒரு கேள்வித்தாள் வெளியிட்டார். 20 தொகுதி, 78 வார்த்தை. ஒவ்வொரு வகை வலிக்கும் தனித்தனி வார்த்தைங்க. உங்க வலிக்குப் பொருந்துறதைப் பொறுக்கி எடுக்க வேண்டியதுதான்.

ஒரு ஞாயித்துக்கிழமை அந்தப் பட்டியலை வெச்சுக்கிட்டு அம்மா பக்கத்துல உக்காந்தேன். விண்விண்ணு தெறிக்கறதுக்கு "த்ராபிங்". சுருக்குனு பாயறதுக்கு "ஷூட்டிங்". குடைச்சலுக்கு என்ன தெரியுமா? "போரிங்"! நம்ம ஊர்ல தண்ணிக்கு போர் போடறோமே, அந்த போர். எலும்புக்குள்ள துளை போட்டுக்கிட்டுப் போற வலி. டாக்டர்கிட்ட போய் "போரிங் பெயின்"னு சொல்லியிருந்தா வலி போரடிக்குதாக்கும்னு நானே சிரிச்சிருப்பேன். எரிச்சலுக்கு "பர்னிங்", அதுக்கு மேல "ஸ்கால்டிங்", அதுக்கும் மேல "சியரிங்". தீலயே தரம் பிரிச்சு வெச்சிருக்காங்க.

கடைசியா நான் தேடினதும் கிடைச்சுது. சாதாரணமா வலிக்கவே கூடாத விஷயம், ஒரு துணி, ஒரு காத்து, பட்டா வலிக்கறதுக்கு மருத்துவத்துல ஒரே வார்த்தை: "அலோடினியா". கிரேக்கத்துல அலோஸ்னா வேற, ஓடினேன்னா வலி. அவ்வளவு நாள் தேடின வார்த்தை.

துள்ளிக் குதிச்சு அம்மாகிட்ட சொன்னேன். அம்மா பூண்டு உரிச்சுக்கிட்டிருந்தாங்க.

"புடவை பட்டா எரியுதுன்னா அந்த அம்மாவுக்குப் புரியாதாடா?"

புரிஞ்சிருக்கும். அதுதான் விஷயமே. மூணாவது வகுப்பு இங்கிலீஷ்ல "வென் சாரி டச்சஸ், இட் பர்ன்ஸ்"னு சொல்லியிருந்தாலே போதும். அலோடினியாங்கறது டாக்டர் போட வேண்டிய பேரு. நான் கொண்டு போக வேண்டியது அம்மா சொன்ன வாக்கியத்தை.

நமக்குத் தெரியாததா? டிக்கெட்ல எவனாவது "நாட் வொர்க்கிங்"னு ஒத்தை வரி போட்டா கொலைவெறி வருதே! எதைத் தொட்டா, எந்த எடத்துல, எப்ப வருதுன்னு எழுதுடான்னு கத்தறோமே! எங்கம்மா எந்த ஸ்க்ரீன்ல எதை அமுக்கினா எரர் வருதுன்னு அச்சு அசலா சொன்னாங்க. நான்தான் அதை "நாட் வொர்க்கிங்"னு பதிவு பண்ணிட்டு வந்தேன்.

இன்னொண்ணும் கவனிச்சேன். ஷிங்கிள்ஸ்ங்கற பேரு லத்தீன்ல இடுப்பு வார்ங்கற வார்த்தைல இருந்து வந்ததாம். அவங்க கண்ணுக்கு பெல்ட்டு தெரிஞ்சிருக்கு. மராத்திக்காரங்களுக்குப் பாம்பு. ரெண்டுமே வெளிய நின்னு பாக்கறவங்க வெச்ச பேரு. அக்கிங்கற வார்த்தைக்கு நெருப்புன்னும் ஒரு பொருள் இருக்கு. அது அனுபவிச்சவங்க வெச்ச பேரா இருக்கும்னு தோணுது. முதல் நாளே அம்மா "தீயா எரியுது"ன்னாங்க. கிட்டத்தட்ட பேரையே சொல்லிட்டாங்க.

இப்ப அம்மா ஊர்ல இருக்காங்க. எரிச்சல் நிறைய குறைஞ்சிருக்கு. போன வாரம் போன்ல "நேத்து கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை கட்டிட்டுப் போனேன்டா"ன்னாங்க. நான் எரிஞ்சுதான்னு கேட்டேன். "லேசா"ன்னாங்க. லேசான்னா எப்படின்னு விடாம கேட்டேன். "போடா, எரிச்சல் பண்ணாத"ன்னு வெச்சுட்டாங்க.

அது இரிடேஷன்தான். :-)

பி.கு 1: அப்பா அம்மாவை வெளியூர்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறவங்க, அவங்க சொல்றதை முதல்ல தமிழ்லயே அப்படியே எழுதிக்கோங்க. சுருக்காதீங்க. அழகு படுத்தாதீங்க.

பி.கு 2: அக்கிக்குத் தடுப்பூசி இருக்கு. 50 வயசு தாண்டினவங்களுக்கு 2023ல இருந்து நம்ம நாட்டுலயும் கிடைக்குது. விலை கொஞ்சம் ஜாஸ்தி. போடலாமான்னு உங்க டாக்டர்கிட்ட கேளுங்க.

பி.கு 3: உங்க ஊர்ல வலிக்குச் சொல்ற வார்த்தைங்களைப் பின்னூட்டத்துல போட்டுட்டுப் போங்க. அம்மாவோட சேந்து ஒரு பட்டியல் போட்டுக்கிட்டிருக்கேன். இது வரைக்கும் முப்பத்தொண்ணு. மெல்சாக்கைத் தாண்டாம விடறதில்லைன்னு அம்மா சொல்லிட்டாங்க.