எதிராளி என்னும் மரியாதை

துடுப்புப் படகுப் பந்தயத்தில் முன்னால் போகிறவனுக்குத்தான் எதிராளி கண்ணில் படுவான். பின்தங்கியவனுக்கு அவன் தெரியவே மாட்டான். எட்டுப் பேரும் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பதால் வரும் விசித்திரம் இது. ஓட்டப் பந்தயத்தில் தோற்கிறவன் ஜெயிக்கிறவனின் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓடுவான். இங்கே தோற்கிறவன் பார்ப்பது தன் கூட்டாளியின் முதுகையும், கலங்கிப்போன தண்ணீரையும்தான். ஜெயிக்கிறவனோ, தான் விட்டுவிட்டு வந்த படகை நன்றாகப் பார்த்தபடியே போகலாம். முன்பக்கம் பார்த்து உட்காருகிற ஒரே ஆள் காக்ஸ். பெரும்பாலும் குழுவிலேயே எடை குறைந்த பையன். சுக்கான் அவன் பொறுப்பு. எதிராளி எங்கே இருக்கிறான் என்பதை அவன் கத்திச் சொன்னால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். கொஞ்சம் பொய் கலந்து சொன்னாலும், திரும்பிப் பார்த்துச் சரிபார்க்க யாருக்கும் நேரமில்லை.

இதெல்லாம் ஆரணியில் உட்கார்ந்திருக்கிற எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் படகில் ஏறவேண்டுமென்றால் ஏலகிரிக்குப் போய் மிதிபடகுக்கு டிக்கெட் வாங்கவேண்டும். ஊருக்கென்று ஆறு இல்லாமல் இல்லை. கமண்டல நாகநதி என்று பெயர் மட்டும் புராணத்திலிருந்து நேராக இறங்கி வந்தது. ஜவ்வாது மலையில் நல்ல மழை பிடித்து, செண்பகத்தோப்பு அணையைத் திறந்துவிட்டால் கொஞ்ச நாள் தண்ணீர் போகும். மற்ற நாட்களில் மணல், சீமைக்கருவேல், கிரிக்கெட். எனக்கு இந்தப் பைத்தியம் தம்பி மகனால் ஒட்டியது. சென்னையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிக்கிறான், அடையாற்றில் துடுப்புப் போடப் பழகுகிறான். லீவுக்கு வந்தவன் தங்கள் பள்ளிப் படகு ஓடிய ஒரு பந்தயத்தைப் போனில் காட்டினான். தறிக்குழியில் காலை விட்டபடியே என் பெரியப்பாவும் எட்டிப் பார்த்தார்.

"இன்னாடா இது, எல்லாரும் பின்னால பாத்துக்கினு முன்னால போறானுங்க?"

"அப்படித்தான் தாத்தா. கடைசில உக்காந்திருக்கான் பாரு, அவன்தான் வழி பாப்பான்."

"அவன் துடுப்பு போடமாட்டானா?"

"மாட்டான். கத்துவான்."

"அதுக்கு நம்ம ஊர்லயே நெறைய ஆளு இருக்குதே" என்றார் பெரியப்பா. நாடா மறுபடி ஓடத் தொடங்கியது.

ஆனால் அவர் விடவில்லை. இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, "நடுவுல ஒருத்தன் பிந்தறான்" என்றார். பையன் அசந்துபோனான். பந்தயத்துக்கு மறுநாள் பயிற்சியாளர் கண்டுபிடித்துத் திட்டிய அதே ஆள். பெரியப்பாவுக்கு அது தெரிந்ததில் அதிசயமில்லை. உடம்பு ஒரு நிறமும் கரை ஒரு நிறமுமாகக் கோர்வைச் சேலை நெய்ய, நெய்கிறவர் ஒருவர் போதாது. கரைக்கு நாடா வீசப் பக்கத்தில் இன்னொருவர் உட்காரவேண்டும். இரண்டு ஜோடிக் கையும் ஒரே மூச்சில் போகாவிட்டால் கரை பிசிறடிக்கும். படகில் எட்டு ஜோடிக் கை, அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பக்கத்து இடத்தில் முன்பெல்லாம் பள்ளிக்கூட வயசுப் பையன்கள்தான் உட்கார்ந்தார்கள். பெரியப்பாவும் அப்படித்தான் தொழிலுக்கு வந்தார்.

பள்ளிப் படகுப் பந்தயம் என்றால் இரண்டு பள்ளிகளின் பகை என்றுதான் வெளியிலிருந்து பார்க்கிற நாம் நினைக்கிறோம். பையன் சொல்லித்தான் எனக்கு இன்னொன்று புரிந்தது. நிஜமான சண்டை படகுக்கு உள்ளேதான் நடக்கிறது. படகில் எட்டு இடம், ஆசைப்படுகிறவர்கள் பன்னிரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரை உட்காரவைப்பது? இரண்டு படகுகளைப் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டவிடுவார்கள். எத்தனை மீட்டர் வித்தியாசம் என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு இந்தப் படகிலிருந்து ஒருவனையும் அந்தப் படகிலிருந்து ஒருவனையும் இடம் மாற்றி, அதே தூரத்தை மறுபடி ஓட்டச் சொல்வார்கள். வித்தியாசம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதை வைத்து முடிவு. மாற்றப்பட்ட இருவரும் பெரும்பாலும் நண்பர்கள். மற்றவர்கள் இரண்டு தடவையும் ஒரே மாதிரி உழைக்கவேண்டும், அதுதான் நேர்மை. பிடித்தவனுக்காக ஒருத்தன் கொஞ்சம் கூடுதலாக இழுத்தால் யாரால் நிரூபிக்க முடியும்? "அன்னிக்கு நாங்க ரெண்டு பேரும் ஒரே பஸ்ல வந்தும் பேசிக்கல பெரியப்பா" என்றான் என்னிடம். எதிர்ப் பள்ளிக்காரனை வருஷத்தில் சில நாள்தான் பார்க்கப் போகிறான். இவனைத் தினமும் விடியற்காலையில் பார்க்கவேண்டும்.

பகைக்குப் பேர்போன பள்ளி ஜோடி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கொழும்பு றோயல் கல்லூரியும் கல்கிசை சென். தோமஸ் கல்லூரியும். கிரிக்கெட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே மோதுகிறவர்கள், 1962 முதல் படகிலும் மோதுகிறார்கள். களம் கொழும்பு நகரத்தின் நடுவே கிடக்கும் பேரை வாவி. ஒரு பள்ளிக்கு நீலமும் பொன்னும், இன்னொன்றுக்கு நீலமும் கறுப்பும். நீலத்தையே இரண்டு பேரும் வைத்துக்கொண்டு சண்டை போடுவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. யோசித்தால் அதில்தான் விஷயமே இருக்கிறது. முற்றிலும் வேறானவனோடு யாரும் இத்தனை வருஷம் போட்டி போடுவதில்லை. ஏறக்குறைய நம்மைப் போலவே இருக்கிறவன்தான் உறுத்துவான். ஊரில் பங்காளிச் சண்டை பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

இந்த விளையாட்டின் தாய்வீடு இங்கிலாந்து. 1829இல் ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் முதல் தடவை படகில் மோதின. அதே வருஷம் ஈட்டன், வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளிப் பையன்களும் தேம்ஸ் நதியில் மோதினார்கள். அமெரிக்காவில் கல்லூரிகளுக்கிடையே நடந்த முதல் விளையாட்டுப் போட்டியும், 1852இல் ஹார்வர்டும் யேலும் மோதிய படகுப் பந்தயம்தான். ஏற்பாடு செய்தது ஒரு ரயில் கம்பெனி. வேடிக்கை பார்க்க வருகிற கூட்டம் ரயிலேறித்தானே வரவேண்டும்!

தேம்ஸ் கரையில் ஹென்லி என்று ஒரு ஊர். அங்கே 1839 முதல் ரெகாட்டா என்னும் படகுப் பந்தய விழா நடக்கிறது. உலகத்தின் பெரிய பள்ளிகள் எல்லாம் ஒரு தடவையாவது துடுப்புப் போட ஆசைப்படும் இடம். யார் கலந்துகொள்ளலாம் என்று 1879இல் அவர்கள் ஒரு விதி போட்டார்கள். அமெச்சூருக்கு, அதாவது பிழைப்புக்காக அல்லாமல் ஆசைக்காக விளையாடுகிறவருக்கு மட்டுமே இடம்; கூலிக்கு வேலை செய்கிற மெக்கானிக், கைவினைஞர், தொழிலாளி யாரும் அமெச்சூர் ஆகமாட்டார். எப்போதோ ஒரு காலத்தில் அந்த வேலை செய்திருந்தாலும் ஆகமாட்டார். என் பெரியப்பாவை மனதில் வைத்து எழுதினதுபோலவே இருந்தது. பட்டு நெய்கிறவர் கைவினைஞர், கூலி வாங்குகிறவர், இரண்டு காரணத்தாலும் வெளியே.

விதிக்குச் சொன்ன நியாயம் இதைவிட ருசிகரமானது. உடம்பால் உழைக்கிறவனுக்கு வேலையிலேயே தோளும் கையும் உரமேறிவிடும், மேசைக்கு முன் உட்காருகிற கனவானோடு அவனை மோதவிடுவது அநியாயம் என்றார்கள். யோசித்துப் பாருங்கள், எத்தனை பெரிய பாராட்டு இது! தோற்றுவிடுவோம் என்ற பயத்தை நியாயத் தராசில் வைத்து நிறுத்திக் காட்டியிருக்கிறார்கள்.

1920இல் ஜான் கெல்லி என்ற அமெரிக்கர் ஹென்லியில் தனி ஆள் பந்தயத்துக்குப் பேர் கொடுத்தார். கொத்தனாராக இருந்தவர். சேர்க்கவில்லை. அவருடைய கிளப்போடு ஹென்லிக்குப் பழைய தகராறு ஒன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிடவேண்டும். அதே கோடையில் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில், அந்த வருஷம் ஹென்லியில் ஜெயித்திருந்த ஜாக் பெரஸ்ஃபோர்டை ஒரே ஒரு விநாடியில் கெல்லி முந்தினார். தங்கம். கெல்லியின் மகன் வளர்ந்து, அப்பாவை நிறுத்தி வைத்த அதே பந்தயத்தை 1947இலும் 1949இலும் ஜெயித்தான். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போகும் வழியில் வந்த ஆஸ்திரேலியக் குழுவையும் ஹென்லி ஏற்கவில்லை. அவர்கள் போலீஸ்காரர்கள், அதுவும் உடலுழைப்பாம். அந்த வெட்கத்துக்குப் பிறகு, 1937இல் விதி போயிற்று.

இந்தக் கதையைத் தெரிந்துகொண்ட பிறகு பள்ளிப் போட்டிகளைப் பார்க்கும் கண்ணே எனக்கு மாறிவிட்டது. ஒருவனை எதிராளி என்று சொல்வது அவனுக்குச் செய்கிற மரியாதை. உன்னோடு மோதுவேன் என்பதில், நீ எனக்குச் சமம் என்பது அடங்கியிருக்கிறது. றோயலும் தோமஸும் ஒன்றை ஒன்று எவ்வளவு திட்டிக்கொண்டாலும் அந்த மரியாதையில் குறை வைப்பதில்லை. கெல்லியைத் தோற்கடிக்க ஹென்லிக்காரர்களுக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. அதையே வேண்டாம் என்றார்கள். தோல்வியைவிட அதுதான் அவமானம், இரண்டு தரப்புக்கும்.

நம் நாட்டில் இந்த விளையாட்டு வெள்ளைக்காரர்களின் கிளப்புகள் வழியாக வந்தது. கல்கத்தா ரோயிங் கிளப் 1858, மெட்ராஸ் போட் கிளப் 1867. மெட்ராஸும் கொழும்பும் 1898 முதல் படகில் மோதிக்கொள்கின்றன. நம் பக்கத்தில் இது அடையாற்றின் ஒரு வளைவுக்குள்ளேயே நின்றுவிட்ட கதை. ஆரணிக்கு அதன் சத்தம்கூட வரவில்லை. ஒரு படகின் விலையும், அதை வைக்க ஒரு கொட்டகையும், ஓட்ட நீளமான தண்ணீரும் வேண்டும் என்றால், எந்த அரசுப் பள்ளி முன்வரும்? ஹென்லியில் விதியாக எழுதிய வேலி இங்கே எழுதாமலேயே நிற்கிறது.

அதை உடைத்தது பள்ளிக்கூடம் அல்ல, ராணுவம். இந்தியாவுக்கு ஆசிய விளையாட்டில் படகுப் பந்தயத்தின் முதல் தங்கம் 2010இல், குவாங்சோவில். வாங்கியவர் பஜ்ரங் லால் தாக்கர், ராஜஸ்தானின் சீகர் மாவட்டத்துக்காரர். பாலைவனத்து ஆள்! அவருக்குப் பின்னால் வந்த தத்து போகனள் நாசிக் மாவட்டத்தின் வறண்ட கிராமம் ஒன்றில் அப்பாவோடு கிணறு வெட்டியவர். தண்ணீருக்காகத் தோண்டியவர் தண்ணீரைக் கண்டால் பயப்படுகிறவராகவும் இருந்தார். ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் துடுப்பைத் தொட்டார். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் பதின்மூன்றாவது இடம். 2018 ஆசிய விளையாட்டில் காய்ச்சலோடு தனிப் போட்டியில் இறங்கிச் சுருண்டு, கடைசியாக வந்தார். மறுநாள் சவர்ண் சிங், ஓம் பிரகாஷ், சுக்மீத் சிங்கோடு நால்வர் படகில் உட்கார்ந்து தங்கம் வாங்கினார். வறண்ட ஊர், உழைத்த தோள். ஹென்லிக்காரர்கள் பயந்தது சரிதான் என்று தோன்றுகிறது.

பிள்ளைகளைப் போட்டிக்கு அனுப்பும்போது எதை மறக்கக்கூடாது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். 2022 மே மாதம் கொல்கத்தாவின் ரவீந்திர சரோவர் ஏரியில், பள்ளிகளுக்கிடையேயான ரெகாட்டாவுக்குப் பழகிக்கொண்டிருந்தபோது கோடைப் புயல் அடித்துப் படகு கவிழ்ந்தது. இரண்டு மாணவர்கள் மூழ்கி இறந்தார்கள். செய்தி வந்த நாட்களில் தம்பி வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. பையன் மறுபடி போகவேண்டும் என்றபோது, "மொதல்ல நீச்சல் தெரியுமான்னு கேளு, கூட இன்னொரு படகு வருதான்னு கேளு, அப்பறம் கோப்பையப் பத்திப் பேசு" என்றார் பெரியப்பா. கேட்டார்கள். இரண்டுக்கும் சரியான பதில் வந்த பிறகே அனுப்பினார்கள்.

போன மழைக்கு ஆற்றில் தண்ணீர் ஓடியபோது பையன் பாலத்தில் நின்று அகலத்தைக் கண்ணால் அளந்தான். இரண்டு படகு பக்கத்தில் பக்கத்தில் போகலாம் என்றான். போகலாம்தான், வருஷத்தில் ஒரு வாரம். அப்படி ஒன்று நடந்தால் ஆரணியின் எதிராளி யார் என்று டீக்கடையில் பேச்சு வந்தது. போளூர் என்றார் ஒருவர், செய்யாறு என்றார் இன்னொருவர். பெரியப்பா ஒரே முடிவாக வந்தவாசி என்றார். நாம் பட்டு நெய்கிறோம், அவர்கள் கோரைப்பாய் நெய்கிறார்கள், கை நம்மைப் போலவே வேலை செய்த கை, மோதினால் அவர்களோடுதான் மோதவேண்டும் என்றார். படகு எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்கவில்லை. காக்ஸாக யாரைப் போடுவது என்பதில்தான் வாக்குவாதம் நீண்டுகொண்டே போனது.