பென்சிலில் எழுதிய வண்டிகள்

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அப்பா என்னை சைக்கிளின் முன்கம்பியில் உட்கார வைத்துக்கொண்டு கீழூர் ஸ்டேஷனுக்குப் போவார். தூத்துக்குடிக்காரர்களுக்கு ரயில் நிலையங்கள் இரண்டு. ஊருக்குள் நுழையும்போது வருவது மேலூர். அதற்கு மேல் போக இடமில்லாமல் தண்டவாளம் முடிந்துபோவது கீழூர். நாங்கள் யாரையும் வழியனுப்பப் போகவில்லை, அழைத்துவரவும் போகவில்லை. பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு, வண்டி கிளம்பும்வரை எஞ்சின் நிற்கும் கோடிக்குப் போய் நிற்போம். அப்பா சட்டைப்பையிலிருந்து உள்ளங்கை அகல நோட்டு ஒன்றையும் கட்டைப் பென்சிலையும் எடுப்பார்.

"ஏல, நம்பரைச் சொல்லு."

எஞ்சினின் மேல் எழுதியிருக்கும் நான்கு இலக்க எண்ணை நான் வாசிப்பேன். அவர் எழுதிக்கொள்வார். தேதி, எண், வண்டி, கிளம்பிய நேரம். அவ்வளவுதான். நான் எண்களை வாசிக்கக் கற்றது பள்ளிக்கூடத்திலா கீழூர் பிளாட்பாரத்திலா என்று கேட்டால் இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

எழுபதுகளின் பிற்பகுதி அது. மீட்டர் கேஜ் காலம். ஒய்.பி. வகை நீராவி எஞ்சின்கள் ஓய்ந்துகொண்டிருந்தன. ஒய்.டி.எம். 4 என்ற டீசல் எஞ்சின்கள் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. அப்பாவுக்கு இந்த வகைப்பெயர்கள் தெரியும்; எப்படித் தெரிந்துகொண்டார் என்பது எனக்குத் தெரியாது. ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒருவர் ஒருமுறை, "இந்தக் கணக்கெல்லாம் எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டார். அப்பா சற்று வெட்கப்பட்டு, "சும்மாதான்" என்றார்.

இங்கிலாந்தில் இதற்கு ஒரு பெயரும் பெரும் கூட்டமும் உண்டு என்பதைப் பல வருடங்கள் கழித்துத்தான் அறிந்தேன். சதர்ன் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்த இயன் ஆலன் என்ற இளைஞர், எஞ்சின்களைப் பற்றி விசாரித்து வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதி அலுத்துப்போய், 1942இல் எஞ்சின் எண்களின் பட்டியல் ஒன்றைச் சிறு புத்தகமாகப் போட்டார். அதற்குப் பிறகு ஒரு தலைமுறைச் சிறுவர்கள் அந்தப் புத்தகத்தோடு பிளாட்பாரங்களில் நின்று, பார்த்த எண்களுக்குக் கீழே கோடு போட்டார்கள். அப்பாவின் கையில் அச்சிட்ட பட்டியல் எதுவும் இருந்ததில்லை. மொத்தம் எத்தனை எஞ்சின்கள் இருக்கின்றன என்றே தெரியாமல் எண்ணிக்கொண்டிருந்தவர் அவர்.

எண்ணுவது எங்கள் குடும்பத் தொழில் என்றும் சொல்லலாம். தாத்தா சிப்பிக் கணக்கு எழுதியவர். முத்துக்குளிப்பு நடந்த பருவங்களில், பார்களிலிருந்து திரும்பும் தோணிகளின் சிப்பிகளைக் கரையில் குவித்து எண்ணுவார்கள். மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். உள்ளே முத்து இருக்கிறதா இல்லையா என்பது ஏலம் எடுத்தவன் பாடு. எண்ணுகிறவனுக்கு மூடிய சிப்பி மட்டும்தான். 1961ஆம் ஆண்டோடு தூத்துக்குடியில் அந்தக் குளிப்பு நின்றுபோயிற்று. 1973இல் இங்குள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார்கள். ஆனால் தாத்தாவின் கணக்குக்கு அதில் இடமில்லை. அப்பா உப்பளத்து ஆபீசில் மூட்டைக் கணக்கு எழுதினார். ஆறு நாளும் பிறருக்காக எண்ணியவர், ஏழாம் நாள் யாருக்கும் இல்லாமல் எண்ணினார் என்று இப்போது தோன்றுகிறது.

வருடத்தில் இரண்டு மூன்று முறை மணியாச்சிவரை போவோம். அதுதான் எங்களுக்குத் திருவிழா. கரிசல் நடுவே, ஊர் என்று பெரிதாக எதுவும் கண்ணில் படாத ஒரு ஜங்ஷன். மதுரையிலிருந்து வரும் பாதை அங்கே திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்குமாகப் பிரிகிறது. தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகும் பாசஞ்சரின் எஞ்சினைக் கழற்றி மறுகோடியில் மாட்டுவார்கள். பெட்டிகளைப் பிரிப்பதும் சேர்ப்பதும் அங்கே வாடிக்கை. பின்னாளில் குருவாயூர் எக்ஸ்பிரஸின் தூத்துக்குடிப் பெட்டிகளும் பல ஆண்டுகள் அங்கேதான் இணைந்தன, பிரிந்தன. கொக்கி விழும் சத்தம் கேட்டதும், பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருப்பவர்கள் ஒரு குலுக்கலில் புரண்டு படுப்பார்கள். யாருடைய பெட்டி எந்தப் பக்கம் போகப்போகிறது என்பது வெளியே நிற்கும் எங்களுக்குத் தெரியும், உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. சிறுவனுக்கு அது பெரிய அதிகாரம்.

வண்டி மாறக் காத்திருக்கும் இந்தச் சில நிமிடங்களில்தான் 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். திருநெல்வேலியிலிருந்து வந்த வண்டியின் முதல் வகுப்பில் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய போட் மெயிலுக்காக அந்த வண்டி காத்திருந்தது. வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறிச் சுட்டுவிட்டு, பிளாட்பாரத்தில் ஓடி, கழிப்பறைக்குள் தன்னையும் சுட்டுக்கொண்டார். 1988இல் நிலையத்துக்கு வாஞ்சி மணியாச்சி என்று பெயர் மாறியது. அப்பா இந்தக் கதையைச் சொல்லும்போது சுட்டதையும் செத்ததையும் ஒரு வரியில் முடித்துவிட்டு, இணைப்பு வண்டி என்று ஒன்று இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதிலேயே நிற்பார். அவருக்கு வரலாறும் கால அட்டவணைதான்.

அந்தப் போட் மெயில்தான் தூத்துக்குடியின் பழைய பெருமை. 1876இல் சென்னையிலிருந்து ரயில் இங்கே வந்து சேர்ந்தது. கொழும்புக்குப் போகிறவர்கள் கீழூரில் இறங்கிக் கப்பலேறினார்கள். ஆழமில்லாத கடல் என்பதால் கப்பல் மைல் கணக்கில் தள்ளி நிற்கும்; அதுவரை படகு. இந்தப் பயணிகளுக்காகத்தான் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியும் வெள்ளைக்காரக் கம்பெனியும் 1906க்குப் பிறகு மோதிக்கொண்டன. கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனி ஆட்களை இலவசமாக ஏற்றிக் குடையும் கொடுத்தது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் போட் மெயில் தனுஷ்கோடிக்குத் திரும்பிக்கொண்டது. பிறகு 2011 ஜூனில் கொழும்புக்கு மறுபடியும் ஒரு பயணிகள் கப்பல் விட்டார்கள். அந்த வருடம் முடியும் முன்பே அது நின்றது. அப்பா அதைப் பார்க்கவில்லை. 2009இல் காலமாகிவிட்டார்.

பாக்கெட் நோட்டுகளை அவர் அப்படியே விட்டுவிடவில்லை. வீட்டுக்கு வந்ததும் பெரிய பேரேடு ஒன்றில், பேனாவைத் தொட்டுத் தொட்டு, மணியான கையெழுத்தில் பிரதி எடுப்பார். நீல மையில் எண், சிவப்பில் தாமதம். தொண்ணூறுகளில் அகலப்பாதை வந்து, மீட்டர் கேஜ் எஞ்சின்கள் மறைந்த பிறகும் எழுதினார். கல்லூரிக்குப் போன பிறகு நான் அவருடன் போவதை நிறுத்திவிட்டேன். நண்பர்கள் வீட்டுக்கு வரும்போது பேரேடுகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருக்கிறேன். பிறகு சென்னை, வேலை. நோட்டுகளும் பேரேடுகளும் கட்டிலடியில், தகரப்பெட்டியில் இருந்தன. எடுத்துவந்து பத்திரப்படுத்த வேண்டும் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் நினைப்பேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அன்றிரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு அப்பால் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. தண்டவாளம் மட்டும் அந்தரத்தில் தொங்கியது. பயணிகளில் பலர் இரண்டு நாள் அங்கேயே கிடந்தார்கள். ஆனால் உயிரோடு கிடந்தார்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடிப் புயலில் பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் முன்னே போயிற்று. நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோயிற்று. ஒரு வண்டி போயிற்று என்பது செய்தி. ஒரு வண்டியைப் போகவிடாமல் ஒருவர் நிறுத்தினார் என்பது அதைவிடப் பெரிய செய்தி. அப்பா இருந்திருந்தால் அந்த வரிக்கு என்ன நிறத்தில் மை தொட்டிருப்பார் என்று யோசித்தேன்.

எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் கட்டில் உயரத்துக்கு நின்றது. அம்மாவைத் தம்பி மாடி வீட்டுக்காரர்களிடம் ஏற்றிவிட்டிருந்தான். வடிந்த பிறகுதான் என்னால் போக முடிந்தது. தகரப்பெட்டியைத் திறந்தபோது பேரேடுகள் நீலக் கூழாக இருந்தன. இருபது வருட மணியான கையெழுத்தில் ஓர் எண்கூட மிஞ்சவில்லை. எடுத்துப் போகலாம், எடுத்துப் போகலாம் என்று தள்ளிப்போட்டவன் நான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அடியில் கிடந்த பாக்கெட் நோட்டுகளைத் தம்பி மொட்டை மாடியில் வெயிலில் பரப்பினான். தாள்கள் அலையலையாகச் சுருங்கியிருந்தன, ஆனால் எழுத்து அப்படியே இருந்தது. பென்சில் எழுத்து தண்ணீரில் கரைவதில்லை. பத்திரமாகப் பிரதி எடுத்தது போயிற்று. பிளாட்பாரத்தில் நின்று அவசரமாகக் கிறுக்கியது நின்றது. எல்லா நோட்டுகளும் இல்லை, பதினொன்று. புரட்டிக்கொண்டே வந்தபோது ஒரு பக்கத்தில் எண்கள் வேறு கையெழுத்தில், கோணல்மாணலாக இருந்தன. ஆறு என்பதைத் திருப்பி எழுதியிருந்தது. அதன் ஓரத்தில் அப்பா சின்னதாகத் திருத்தியிருந்தார். நான் எழுதிய பக்கம். எழுதியது எனக்கு நினைவில் இல்லை.

இந்தப் பொங்கலுக்குப் போனபோது மணியாச்சியில் இறங்கி இரண்டு மணிநேரம் நின்றேன். மின்கம்பிகள் வந்துவிட்டன. பாலக்காட்டு வண்டியான பாலருவி 2024 முதல் தூத்துக்குடிவரை வருகிறது. எஞ்சின் எண்கள் ஐந்து இலக்கமாகிவிட்டன. கைப்பேசியில் படம் எடுத்தால் போதும் என்று தெரியும். ஆனாலும் ஸ்டேஷன் கடையில் கேட்டுப் பார்த்தேன். பேனாதான் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடத்துப் பையனிடம் பென்சில் கேட்டேன்.

"எதுக்கு மாமா?" என்றான்.

"நம்பர் எழுத."

அவன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, எந்த நம்பர் என்று எழுந்து வந்து பார்த்தான்.