நிறுத்தச் சொல்லும் தைரியம்



விமானம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் கண்கள் வானத்தை நோக்குகின்றன. விமானப் பிரயாணம் செய்கிறவர்களுக்காக ஜெபிக்கும்போதும், அது மேலே எழும்பும் வேளையையும் கீழே இறங்கும் வேளையையும் மனதில் வைத்தே ஜெபிக்கிறோம். எஞ்சின் அணைந்து, ஏறியிருந்தவர்கள் இறங்கிப் போனபின், அந்த விமானத்தைத் தள்ளிக்கொண்டுபோய்க் கொட்டகையில் நிறுத்துகிறவர்களைக் குறித்து நாம் அதிகமாய் நினைப்பதில்லை. அவர்களில் சிலர் நம்முடைய பிள்ளைகள்.

தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அதன்பின் ஊரிகம், கோரமண்டல், சாம்பியன், மாரிக்குப்பம் ஆகிய இடங்களிலுள்ள நம் வாலிபர்கள் பிழைப்புக்காக ரயிலேறிப் பெங்களூருக்குப் போகத் தொடங்கினார்கள். ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரம். சிலர் தினமும் போய் வருகிறார்கள். சிலர் அங்கேயே அறை எடுத்துத் தங்கிவிட்டார்கள். 2008 மே மாதத்தில் தேவனஹள்ளியில் புதிய விமான நிலையம் திறக்கப்பட்டபின், விமானங்களைச் சுற்றியுள்ள தரை வேலைகளும் அவர்களுக்குக் கிடைக்கலாயின.

அப்படிப்பட்ட வாலிபன் ஒருவன் எங்கள் சபையில் இருக்கிறான். சிறிய பயிற்சி விமானங்களை வைத்திருக்கும் ஓரிடத்தில் அவனுக்கு வேலை கிடைத்தது. முதல் இரண்டு வாரங்கள் பயிற்சி. ஞாயிறு ஆராதனை முடிந்தபின் அவன் என்னோடு உட்கார்ந்து, கற்றுக்கொண்டவற்றை ஒவ்வொன்றாய் விவரிப்பான். கேட்கக் கேட்க எனக்கு ஆச்சரியமாயிருந்தது.

செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் நான்கு பேர் உட்காரலாம். அதன் இறக்கைகள் ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை 11 மீட்டர். முன்சக்கரத்தில் இழுவைக் கம்பியை மாட்டினால் ஒரே ஆள்கூட அதை நகர்த்திவிடலாம். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. எளிதாய் நகருகிற பொருளை மனிதன் எளிதாய் எண்ணிவிடுகிறான். மூக்கருகே நிற்கிறவனுக்கு இருபுறமும் 5 மீட்டருக்கு அப்பாலிருக்கும் இறக்கை நுனிகளின் இடைவெளி சரியாய்த் தெரியாது. வாலோ அவன் பார்வைக்கே வராது. ஆகவே கொட்டகைக்குள்ளும் நெருக்கமான இடங்களிலும் நகர்த்தும்போது இறக்கைக்கு ஒருவராக இருவரும், வாலுக்கு ஒருவரும் நிற்கவேண்டும். நடக்கிற வேகத்துக்கு மேல் போகக்கூடாது. வண்டியில் கட்டி இழுத்தால், முன்சக்கரத்தை நடுக்கோட்டிலிருந்து எந்தப் பக்கமும் 30 டிகிரிக்கு மேல் திருப்பக்கூடாது. மீறினால் அதன் தாங்கு பாகங்கள் பழுதாகும். அந்தப் பழுது தரையில் தெரியாமல், விமானம் இறங்கும் நேரத்தில் தெரியவரலாம்.

புரொப்பெல்லரைக் குறித்து அவன் சொன்னதே என்னை அதிகமாய்ச் சிந்திக்கவைத்தது. நின்றுகொண்டிருக்கும் புரொப்பெல்லரையும் ஓடிக்கொண்டிருப்பதாகவே எண்ணவேண்டும் என்பது முதல் பாடம். இவ்வகை எஞ்சின்களில் தீப்பொறியை உண்டாக்கும் மேக்னெட்டோ என்ற கருவிக்குப் பேட்டரி தேவையில்லை. எஞ்சின் சுழன்றாலே அது மின்சாரத்தைப் பிறப்பிக்கும். சாவியைத் திருப்பி அணைக்கும்போது, ஒரு மெல்லிய கம்பியின் வழியாய் அந்த மின்சாரம் அடக்கப்படுகிறது. அக்கம்பி எங்கேயாவது அறுந்திருந்தால், சாவி நம் கையிலிருந்தாலும் எஞ்சின் அணைந்ததாகாது. யாராவது புரொப்பெல்லரைக் கையால் சற்றே திருப்பினால், அது திடீரென்று இயங்கிவிடக்கூடும். ஓடும்போதோ அது கண்ணுக்கே தெரியாது. காற்று மட்டும் இருப்பதுபோல் தோன்றும்.

மற்றப் பாடங்களும் உண்டு. கைப்பிரேக்கை நம்பாமல் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கவேண்டும். எஞ்சின் நின்று, சுழலும் சிவப்பு விளக்கு அணையும்வரை கிட்டப் போகக்கூடாது. எஞ்சினைக் கிளப்புமுன் இழுவைக் கம்பியைக் கழற்றியாயிற்றா என்று கண்ணால் பார்க்கவேண்டும். எரிபொருள் நிரப்பும்போது பூமியோடு இணைக்கும் கம்பியை மாட்டவேண்டும். இரண்டு கைகளையும் தலைக்குமேல் குறுக்காக வைத்தால், நிறுத்து என்று பொருள். இந்தக் கடைசிப் பாடத்தினால்தான் அவனுக்குச் சோதனை வந்தது.

மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு மாலையில், விமானங்களைச் சீக்கிரமாய் உள்ளே தள்ளும்படி சூப்பர்வைசர் அவசரப்படுத்தினார். இடப்பக்க இறக்கைக்கு ஆள் இல்லை. "இரண்டு பேர் போதும், தள்ளுங்கள்" என்றார். பாதி வழியில் இவன் கைகளைத் தலைக்குமேல் குறுக்காகத் தூக்கி நின்றுவிட்டான். போய்ப் பார்த்தபோது, இறக்கை நுனிக்கும் இரும்புத் தூணுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளியே இருந்தது. ஆயினும் அவனுக்குக் கிடைத்தது வசவுதான். வந்து இரண்டு வாரம் ஆன பையன் எனக்குச் சொல்லித் தருகிறாயா என்று எல்லாருக்கும் முன்பாகக் கேட்டார்களாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் முகம் வாடியிருந்தது. "பாஸ்டர், மேலதிகாரிக்குக் கீழ்ப்படியவேண்டும் என்று நீங்கள் போதித்திருக்கிறீர்கள். நான் கீழ்ப்படியாமல் போனேனா?" என்று கேட்டான். அவன் சம்பளத்தை நம்பித் தாயும் தங்கையும் இருக்கிறார்கள். ஆகவே அது இலேசான கேள்வியல்ல.

நான் அவனுடைய தாத்தாவை அவனுக்கு நினைப்பூட்டினேன். அவர் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை செய்தவர். 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குப் போன சுரங்கம் அது. ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டை இயக்குகிறவர் மேலே எஞ்சின் அறையில் இருப்பார். கூண்டையும் அதிலிருக்கிற மனிதரையும் அவரால் பார்க்க முடியாது. கீழேயிருந்து வரும் மணியோசையே அவருக்குக் கண். கூண்டு ஓடிக்கொண்டிருக்கையில் ஒரு மணி ஒலித்தால் நிறுத்தவேண்டும். மணியடித்தது யார், அவனுக்கு எத்தனை வருஷ அனுபவம் என்று அவர் விசாரித்துக்கொண்டிருக்கமாட்டார். முதலில் நிறுத்துவார், காரணம் பிறகு கேட்கப்படும். "தம்பி, நீ கையைத் தூக்கினது அந்த ஒரு மணி. உன் தாத்தா அதைக் கீழ்ப்படியாமை என்று சொல்லியிருக்கமாட்டார்" என்றேன்.

இது எனக்குத் தோன்றிய ஆறுதல் வார்த்தை மாத்திரம் அல்ல. 2015 டிசம்பர் 16 அன்று மும்பை விமான நிலையத்தில் ஐதராபாத்துக்குப் புறப்படவிருந்த ஏர் இந்தியாவின் ஏர்பஸ் விமானம், தரையிலிருந்த ஊழியர் விலகுமுன்பே நகர்ந்தது. அருகே நின்ற தொழில்நுட்ப ஊழியர் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினால் இழுக்கப்பட்டு மாண்டார். 2019 ஜூலையில் கொல்கத்தாவில், நின்றுகொண்டிருந்த ஸ்பைஸ்ஜெட் விமானத்தின் சக்கரக் கதவு எதிர்பாராமல் மூடிக்கொண்டதில் ஓர் இளம் ஊழியர் உயிரிழந்தார். இவ்விரண்டும் பெரிய விமானங்கள். ஆனால் பாடம் ஒன்றே. மேலே உட்கார்ந்திருக்கிறவருக்குக் கீழே நடப்பது முழுவதும் தெரியாது. நின்றிருக்கும் இயந்திரத்தை அடங்கிய இயந்திரம் என்று எண்ணவும் கூடாது. அருகே நிற்கிறவன் எவ்வளவு சிறியவனானாலும், நிறுத்தச் சொல்ல அவனுக்கு அதிகாரம் இருக்கவேண்டும். அதைக் கேட்டு நிறுத்துகிற மனத்தாழ்மை பெரியவருக்கு இருக்கவேண்டும்.

பெற்றோரே, பிள்ளைகளை ஜெபித்து அனுப்புகிறோம், அது நல்லது. புது வீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும் என்று நியாயப்பிரமாணத்தில் கட்டளை இருப்பதையும் நாம் மறக்கக்கூடாது. ஜெபிக்கிற வீட்டுக்கும் அந்தச் சுவர் வேண்டும். ஜெபித்து அனுப்பப்பட்ட பிள்ளை தள்ளும் விமானத்துக்கும் சக்கரக் கட்டை வேண்டும்.

மகன் போனில் பேசும்போது, சம்பளம் வந்ததா என்று கேட்பதோடு நின்றுவிடாதிருங்கள். உனக்கு யார் பயிற்சி கொடுத்தார்கள், தள்ளும்போது எத்தனை பேர் நிற்கிறீர்கள், நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்றும் கேளுங்கள். இரவு வேலை முடித்து, ரயிலில் நின்றபடியே வந்து, மறுநாள் மீண்டும் போகிறவனுடைய கண்கள் ஒரு சாண் இடைவெளியைக் காணத் தவறிவிடும். "எதிர்த்துப் பேசாதே, சொன்னதைச் செய்" என்ற புத்திமதியை நாம் அன்பினால்தான் சொல்லுகிறோம். ஆயினும் அபாயத்தைக் கண்டு கையைத் தூக்குவது எதிர்த்துப் பேசுவதல்ல என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

நம் சபைகளில் மேஸ்திரிகளும் சூப்பர்வைசர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு விண்ணப்பம். புதிதாய் வந்த பையன் வேலையை நிறுத்தினால், முதலில் போய்ப் பாருங்கள். அவன் எண்ணினது தவறாயிருந்தால், நஷ்டம் இரண்டு நிமிஷம். அதற்காக அவனைத் திட்டினால், அடுத்தமுறை அவன் கை எழும்பாது. அந்தமுறை அவன் கண்டது மெய்யான அபாயமாயிருக்கலாம்.

அந்த வாலிபனுக்கு வேலை போகவில்லை, பாராட்டும் கிடைக்கவில்லை. ஆனால் இப்போது இடப்பக்க இறக்கைக்கும் ஓர் ஆளை நிறுத்துகிறார்களாம். அதைச் சொன்னபோது அவன் சிரித்தான்.