காவற்கடிகை

பிழைபடுவோர் இருவகையினர். தாம் வழுவியதை உணர்ந்து உரைப்போர் ஒருசாரார்; உணரும் ஆற்றலையே இழந்து வாளா நிற்போர் மற்றொரு சாரார். முன்னவர்க்கு அறிவுரை பயன்படும். பின்னவரைப் பிறரொருவர் தட்டி எழுப்புதலே வேண்டும்.

கணினியும் இவ்விருவகையாலும் பிழைபடும். ஒரு நிரல் மற்றொன்றன் கையிலுள்ள பொருளுக்காகக் காத்திருக்க, அதுவும் இதன் கையிலுள்ளதற்காகக் காத்திருப்பின், இரண்டும் என்றும் நகரா. முடிவில்லாச் சுழலில் அகப்பட்ட நிரலின் நிலையும் அதுவே. 'நின்றுவிட்டேன்' என்று சொல்லவும் ஒரு கணம் வேண்டுமன்றோ? அக்கணம் அதற்கு வாய்ப்பதில்லை.

இக்குறையை நீக்க அமைந்ததே வாட்ச்டாக் டைமர். இதனை யாம் காவற்கடிகை என்போம். அஃது ஓர் எண்ணிலிருந்து கீழ்நோக்கி எண்ணிவரும் சிறு கருவி. பெரும்பாலும் தனிச்சுற்றாய் அமைந்திருக்கும். நலமாய் இயங்கும் மென்பொருள், எண்ணிக்கை பூச்சியமாகுமுன் அதனை முதலெண்ணுக்குத் திருப்பிவைத்தல் வேண்டும். திருப்பாவிடின், கடிகை காரணம் வினவாது கணினியை மீளத் தொடங்கச் செய்யும். லினக்ஸ் இயக்கமுறைமையில் இஃது ஒரு கோப்புப்போற் காட்சியளிக்கும். அதனைத் திறந்த நிரல் இடையிடையே அதில் எழுதிவர வேண்டும். தனிச்சுற்று இல்லாத கணினிகட்கென மென்பொருளாலேயே அமைந்த கடிகையொன்றும் அதில் உண்டு. அதன் இயல்பான தவணை 60 நொடி. எனினும், இயக்கமுறைமையின் கருவே உறைந்துபோயின் இக்கடிகையும் உடன் உறையக்கூடும். காவலனும் வீட்டினுள் பூட்டுண்டால் கதவைத் தட்டுவார் யார்?

நிற்க. கடிகையைத் திருப்பும் பணியை யாரிடம் ஒப்புவிப்பது? தவறாது நிகழும் நேரக்குறுக்கீட்டிடம் விடுதல் எளிது. ஆயின், முதன்மைப் பணி உறைந்த பின்னும் அக்குறுக்கீடு தன்பாட்டில் நிகழ்ந்துகொண்டிருக்கும். கடிகையும் யாவும் நலமென்று ஏமாறும். வகுப்பிற் பெயரழைக்குங்கால் நா 'உள்ளேன் ஐயா' என்னும். மனமோ ஊரில் உலாவும். பதிவேட்டில் குறைவிராது. மேசைக்கு இப்புறமிருந்து யாம் பலகாலும் கண்ட காட்சி இது. ஆதலின் தேர்ந்த பொறியாளர், பணிகள் ஒவ்வொன்றும் தன் கடமையை முடித்ததற்கு அடையாளம் இடச்செய்து, அவ்வடையாளங்கள் அனைத்தும் கண்ட பின்னரே கடிகையைத் திருப்புவர்.

இத்தகைய காவலின் பயனைச் செவ்வாயிற் கண்டனர். 1997 ஜூலை 4-ஆம் நாள் அங்கிறங்கிய மார்ஸ் பாத்ஃபைண்டரின் கணினி, சில நாட்களில் தானே மீண்டும் மீண்டும் தொடங்கலாயிற்று. வானிலைச் செய்தி திரட்டும் கீழ்நிலைப் பணியொன்று, தரவுப்பாதையைப் பேணும் மேல்நிலைப் பணிக்கு வேண்டிய பூட்டைப் பற்றியிருந்தது. அது பூட்டை விடுமுன் இடைநிலைப் பணிகள் புகுந்து அதனைத் தடுத்தன. மேல்நிலைப் பணியும் காத்து நின்றது. அப்பணி உரிய வேளையில் முடியாமையைக் கண்ட காவலேற்பாடு, கணினியை மீளத் தொடக்கிற்று. அன்றன்று எஞ்சிய வேலை மறுநாளைக்குச் சென்றது. முன்னரே திரட்டிய தரவுகளோ அழியவில்லை.

1994 மே 7-ஆம் நாள் கிளமென்டைன் விண்கலத்துக்கு நேர்ந்தது வேறு. கணினிப் பிழையால் அதன் உந்துபொறியொன்று 11 நிமிடம் எரிந்து எரிபொருளைத் தீர்த்தது. தடுத்து நிறுத்துவார் இல்லை. கலம் சுழன்றது, ஜியோகிராஃபஸ் என்னும் சிறுகோளை நாடும் பயணம் கைவிடப்பட்டது.

எனினும் மீளத் தொடக்குதல் மருந்தன்று. மருத்துவர் வருமளவும் உயிரைத் தாங்கும் கையே அது. பாத்ஃபைண்டரின் பொறியாளர், கணினி மீண்டும் எழுந்ததென்று மகிழ்ந்து அமைந்தாரல்லர். பூமியிலிருந்த ஒத்த கருவியில் அப்பிழையை வேண்டுமென்றே தோற்றுவித்துக் காரணம் கண்டனர். பூட்டைப் பற்றிய பணிக்கு, அதற்காகக் காத்திருப்பதன் முதன்மையைச் சிறிதுபோது அளிக்கும் அமைப்பை இயக்குமாறு திருத்தம் அனுப்பினர். தொல்லை ஒழிந்தது.

தேர்வும் கல்லூரியின் காவற்கடிகையே. அதில் தவறிய மாணவனை மறுமுறை எழுதுக என்று சொல்லி அனுப்புதல் கடிகையின் வேலை. அதனை அஃது இனிதே செய்கின்றது. அவன் எப்பாடத்தில், எதனை எதிர்நோக்கி, எவருடைய கையிலுள்ள பூட்டுக்காக நின்றுபோனான் என்று வினவுதல் நம் வேலை. அதனை எந்தக் கடிகையும் நமக்காகச் செய்யாது.