மாமாவின் மோட்டாரும் பட்டறைக்காரரும்

ஆனைகட்டியைப் பார்த்திருக்கிறீர்களா, நண்பர்களே? கோவையிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர். ஓர் ஓடைக்கு இக்கரை தமிழ்நாடு; அக்கரை பாலக்காட்டு மாவட்டத்து அட்டப்பாடி. அக்கரையில் குடியிருப்பவர் என் தாய்மாமன். நள்ளிரவில் யாருக்கேனும் பிரசவ வலி என்றால் ஊரார் தட்டுவது அவர் வீட்டுக் கதவைத்தான். அவரிடம் ஓர் அம்பாசிடர் இருக்கிறது, கூலி வாங்கமாட்டார்.

அந்த வண்டி நீலப் புகை கக்கத் தொடங்கியது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் மிகுதி. நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது என்று பொருள். கோவைப் பட்டறை ஒன்றில் எஞ்சினைப் பிரித்துக் கட்டினார்கள். சிலிண்டர் போரிங், பெரிய அளவில் நான்கு பிஸ்டன், கிராங்க் கிரைண்டிங் என்று சீட்டும் கொடுத்தார்கள். தொகை ரூ. 38,000.

போரிங் என்பது யாது? ஆண்டுக்கணக்கில் ஓடிய சிலிண்டர் வட்டம் குலைந்து முட்டை வடிவாகத் தேய்ந்துவிடும். அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு அகலப்படுத்தி மீண்டும் வட்டமாக்குவார்கள். பிஸ்டனும் அதே அளவு பெருத்திருக்க வேண்டுமன்றோ? அந்த அளவைப் பெரும்பாலும் பிஸ்டன் தலையிலேயே பொறித்திருப்பார்கள். வட்டம் குலைந்த சிலிண்டருக்குள் புது ரிங்கை மட்டும் மாட்டினால் வண்டி சில நாள் ஓடும். பிறகு பழைய கதைதான்.

இரண்டு மாதத்தில் பழைய கதை வந்தது. மேடேறும்போதெல்லாம் புகை, 400 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் எண்ணெய்.

"ஏனுங்க, புது எஞ்சினை மலைமேல ஏத்தினா வேற என்னங்க ஆகும்?" என்றார் பட்டறைக்காரர்.

"மலையில குடியிருக்கறவன் வண்டிய வேற எங்கீங்க ஓட்டுவான்?" என்றார் மாமா.

புதிதாகக் கட்டிய எஞ்சினை முதல் சில நூறு கிலோமீட்டர் இழுக்கவிடாமல் ஓட்டவேண்டும் என்பது மெய்தான். மாமா அப்படித்தான் ஓட்டினார். பட்டறைக்காரரோ வண்டியை உள்ளே விட்டுக்கொண்டு, இன்னும் ரூ. 9,000 வைத்தால்தான் வெளியே விடுவேன் என்று கைவிரித்துவிட்டார்.

வண்டியைப் பிடித்துவைக்க அவருக்கு உரிமை உண்டா? சட்டம் பயிலும் நம் விடுதித் தோழரைக் கேட்டேன். உண்டாம்! 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு, உழைப்போ திறமையோ செலவிட்டவன் கூலி பெறும்வரை பொருளைக் கையில் வைத்திருக்கலாம் என்கிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால், ஒப்புக்கொண்ட நோக்கத்தின்படி வேலை செய்திருந்தால்தான் அந்த உரிமை என்றும் அதே பிரிவு சொல்கிறதாம். ஆகவே எல்லாம் சிலிண்டருக்குள்ளேயே இருந்தது.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் எந்தக் கரைக்குப் போவது? 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, எதிராளி இருக்கும் ஊரிலோ வழக்குக்குக் காரணம் எழுந்த ஊரிலோதான் முறையிடவேண்டும். 2020 ஜூலை 20 முதல் நடப்புக்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம், முறையிடுபவர் வாழும் ஊரிலேயே முறையிடலாம் என்கிறது. ஏழைக்கு இரங்கிய ஏற்பாடு! ஆனால் மாமாவுக்குக் கோவை 30 கிலோமீட்டர். பாலக்காடு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். எல்லையில் வாழ்பவனை நினைத்து யார்தான் சட்டம் எழுதுகிறார்கள்? ரூ. 5 லட்சம் வரை கட்டணமில்லை, இணையவழியிலும் முறையிடலாம் என்பதுதான் ஆறுதல்.

முறையீட்டுக்கு முன் ஒரு பதிவுத் தபால் அனுப்பினோம். வேறொரு மெக்கானிக்கை நடுவில் வைத்து எஞ்சின் ஹெட்டைக் கழற்றிக் காட்டவேண்டும்; இது மட்டுமே அதில் கேட்டது. பணம் கேட்டிருந்தால் பதில் வந்திராது என்றே நினைக்கிறேன். பத்து நாள் கழித்து வரச்சொன்னார்.

ஒரு ஞாயிறு காலை ஹெட்டைத் தூக்கினார்கள். நடுவர் பெட்ரோலில் துணியை நனைத்து, கரியைத் துடைத்தார். முதல் பிஸ்டனில் 20 இல்லை. இரண்டாவதிலும் இல்லை. நான்கும் பழைய அளவு, பழைய பிஸ்டன்களேதாம். ரிங் மட்டும் புதிது. பேச்சே இல்லை. பையன் ஒருவன் தேநீர் வாங்கப் போனான்.

"போரிங் வெளியில குடுத்துப் பண்றதுங்க..." என்று தொடங்கினார் பட்டறைக்காரர். பிஸ்டனை மாட்டியது யார் என்று மாமா கேட்கவில்லை. அவர் பண்பு அது. நானாக இருந்தால் கேட்டிருப்பேன்.

போரிங்கும் பிஸ்டனும் பட்டறைச் செலவு. எண்ணெயும் கேஸ்கெட்டும் மாமாவின் செலவு என்று முடிவாயிற்று. ரூ. 9,000 பேச்சு அடங்கியது. வண்டி முடங்கிக் கிடந்த ஐந்து வாரத்தில் ஊரார் ஜீப்புக்குக் கொடுத்த வாடகையையும் மாமா கேட்டார். அதற்கு மட்டும் அவர் இசையவில்லை. முறையிட இரண்டு ஆண்டுக் கெடு உண்டு. மாமா அந்தச் சீட்டுகளைக் கம்பியில் குத்தி வைத்திருக்கிறார்.

கழற்றிய பிஸ்டன்களையும் விடாமல் வாங்கி வந்துவிட்டார். ஒன்றைக் கவிழ்த்து, மணல் நிரப்பி, அத்தை ஊதுவத்தி செருகியிருக்கிறாள்.

"இப்பப் புகைஞ்சா மணக்குதில்ல?" என்கிறாள்.