குன்னூரா, மாம்பலமா?

மே மாதம், சென்னை, ராத்திரி பதினொரு மணி, கரெண்ட் இல்லை. அந்த நேரத்தில் உங்களில் பாதிப்பேர் ஒரு தீர்மானம் போடுவீர்கள்: 'ரிட்டயர் ஆனதும் ஊட்டிப் பக்கம் போய் செட்டில் ஆகிடணும்.' கரெண்ட் வந்ததும் மறந்துபோகும். மறக்காமல் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இரண்டு பக்கமும் குடும்பம் நடத்தியவன். குன்னூரில் எட்டு வருஷம், அதற்கப்புறம் மேற்கு மாம்பலம்.

சென்னையில் 2003 மே 31-ம் தேதி 45 டிகிரி அடித்தது. நிஜம்தான், ஆனால் அது அபூர்வம். இந்த ஊரின் தொல்லை வெயிலைவிட ஈரப்பதத்தில் இருக்கிறது. உடம்பு வியர்த்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளப் பார்க்கும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைய இருப்பதால் வியர்வை ஆவியாகாமல் முதுகிலேயே வழியும். மத்தியானம் கடல்காற்று நேரத்துக்கு வந்தால் பிழைத்தோம். மேற்கிலிருந்து வரும் அனல்காற்று அதைத் தடுத்துவிட்டால் அன்றைக்கு 40-ஐத் தாண்டும்.

மலையில் வேறு கதை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். தண்ணீர் அங்கே 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் குக்கர் இல்லாவிட்டால் துவரம்பருப்பு உங்களை மதிக்காது. குன்னூர் கொஞ்சம் கீழே என்பதால் பருப்பும் கொஞ்சம் இறங்கி வரும். மழையில் ஒரு வேடிக்கை பாருங்கள். வருஷ மொத்தத்தில் ஊட்டி டவுனைவிடச் சென்னைக்குத்தான் சற்று அதிகம். சென்னை அதைக் கடைசி மூன்று மாதத்தில் அவசர அவசரமாக வாங்கிக்கொள்ளும் (2015-ல் பார்த்தோமே!). மலையில் தவணை முறை. ஜூனில் ஆரம்பித்தால் வருஷக் கடைசி வரை சாரல், மூட்டம், மறுபடி சாரல். துணி காயாது. அலமாரியில் தொங்கும் பெல்ட்டில் பூஞ்சை பூத்திருக்கும்.

இதெல்லாம் சில்லறை விஷயம். என் அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன்.

குன்னூருக்கு எங்களோடு வந்தவர், வந்த மறுவாரமே நடக்க ஆரம்பித்துவிட்டார். தினமும் காலையில் சிம்ஸ் பார்க் வரை மேடேறிப் போவார். அங்கே ஒரு படுகர் பெரியவரோடு அரசியல் பேசி, இருவரும் கோபித்துக்கொண்டு பிரிந்து, மறுநாள் மறுபடி பேசுவார்கள். ராத்திரி ஒரு சப்பாத்தி கூடுதலாகக் கேட்பார். நாலாவது வருஷம் ஜனவரியில் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சுத் திணறல். உள்ளூர் டாக்டர் ஊசி போட்டு, ஆக்ஸிஜன் வைத்து, "உடனே கோயமுத்தூர் கொண்டுபோயிடுங்க" என்றார். மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் 14 கொண்டை ஊசி வளைவு. டிரைவர் பனிமூட்டத்தில் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித்தான் ரோட்டைப் பார்த்தார். நீலகிரிக்கு மருத்துவக் கல்லூரி வந்தது 2022-ல். அன்றைக்கு அதெல்லாம் கிடையாது.

அப்பா பிழைத்தார். குளிர் இனி அவர் நுரையீரலுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டதால் மாம்பலம் கூட்டி வந்தோம். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஐந்து நிமிஷம். இங்கே ஒன்பது வருஷம் இருந்தார், ஆனால் நடை நின்றுபோயிற்று. காலை ஏழு மணிக்கே கசகசவென்று வியர்த்து, தெருமுனையிலிருந்து திரும்பிவிடுவார். பிறகு ஈஸிசேர், ஃபேன், பேப்பர். சண்டை போட ஆளில்லை. "டேய், அங்க நாலு வருஷம் இருந்தேன். இங்க ஒம்போது வருஷமா உக்காந்திருக்கேன்" என்பார். கோபமாக இல்லை, ஸ்கோர் சொல்கிற மாதிரி.

அவரை மறுபடி மலைக்கு அனுப்பியிருப்பேனா? மாட்டேன். ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பதில் சொல்லவும் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே நீங்கள் வீடு பார்க்க மே மாதத்தில் போகாதீர்கள், ஜூலையில் ஒரு வாரம் தங்கிப் பாருங்கள். ஜன்னல் வழியே தேயிலைத் தோட்டம் தெரிகிறதா என்பதைவிட, ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் யார் வண்டி எடுத்து வருவார் என்று விசாரியுங்கள். வெள்ளைக்கார கவர்னர்கள் விவரமானவர்கள். கோடைக்கு ஆபீஸோடு ஊட்டிக்குப் போய்விட்டு மெட்ராஸுக்கே இறங்கி வந்துவிடுவார்கள். நானும் பிப்ரவரியிலிருந்து மே வரை குன்னூரில் வாடகைக்கு ஒரு வீடு பார்க்கிறேன். மனைவி சம்மதித்துவிட்டாள். கேஸ் கனெக்‌ஷனுக்கு என்ன பண்ணுவது என்று மட்டும் கேட்டிருக்கிறாள். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.