மீசை வைத்த சந்திரன்

போன ஞாயிறு எனக்கு லீவு. ரிவியில் லூயி து ஃபூனெஸ் நடித்த 'ல கிராண்ட் ரெஸ்ரோறண்ட்' (1966) போட்டார்கள். எங்கட ஆக்கள் நாகேஷைப் பார்க்கிற மாதிரி, பிரெஞ்சுக்காரர் இந்த மனிசனின் படங்களைச் சலிக்காமல் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். படத்தில் அவர் பாரிசில் ஒரு பெரிய ரெஸ்ரோறண்டின் முதலாளி. காசுள்ள வாடிக்கையாளருக்கு முன்னால் வளைந்து குழைவார். வெயிற்றர்மாரின் பக்கம் திரும்பினால் பல்லைக் கடிப்பார். வேலையாட்களை வேவு பார்க்க வேசம் போட்டுக்கொண்டு தன் கடைக்கே சாப்பிட வருவார்.

என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கேட்டாள்: "அப்பா, உங்கட முதலாளியும் இப்பிடி வேசம் போட்டு வருவாரோ?"

"இல்லையம்மா. எங்கட கடையில வேசம் போட்டது நான்தான்" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. அந்தக் கதையை அவளுக்கு நான் சொன்னதில்லை. இங்கே எழுதி வைக்கிறேன். பிறகு ஒருநாள் வாசிக்கட்டும்.

முதலாளி பகிடிப் படம் என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது 'தில்லு முல்லு'தான். 2004 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படிக்கத் தொடங்கியிருந்தேன். ஏ9 பாதை திறந்து சீடிகள் தாராளமாக வந்த காலம். திருநெல்வேலியில் நாலு பேர் சேர்ந்து எடுத்த வாடகை அறையில், ஒரு பழைய கொம்பியூட்டரில் அந்தப் படத்தை எத்தனை தரம் பார்த்தோம் என்று கணக்கில்லை.

'கோல் மால்' (1979) என்ற இந்திப் படத்தைத் தழுவி பாலசந்தர் 1981 இல் எடுத்தது. வேலை தேடும் ரஜினி, முதலாளி தேங்காய் சீனிவாசனின் கொள்கைகளை அறிந்து அதற்கேற்ற பிள்ளையாக நேர்முகத்துக்குப் போவார். விளையாட்டு என்றால் என்னவென்றே தெரியாதவர் மாதிரி நடிப்பார். வேலையும் கிடைக்கும். பிறகு பொய் சொல்லி லீவு எடுத்து உதைபந்தாட்டம் பார்க்கப் போய், முதலாளியின் கண்ணில் படுவார். தப்புவதற்காக, அது நானில்லை, மீசையில்லாத என் தம்பி இந்திரன் என்று ஒரு ஆளையே உருவாக்கிவிடுவார். மீசை இருந்தால் சந்திரன், இல்லாவிட்டால் இந்திரன். மீசையில்லாதவனை நம்பக்கூடாது என்பது முதலாளியின் கொள்கை.

பகலில் விரிவுரையில், தொழிலாளி சோம்பேறி என்று நம்பும் முதலாளி ஒரு ரகம், அவனை நம்பும் முதலாளி இன்னொரு ரகம் என்று மக்கிரகரின் கோட்பாட்டைக் குறிப்பெடுப்போம். இரவில் தேங்காய் சீனிவாசனைப் பார்த்து அவர் எந்த ரகம் என்று சண்டை பிடிப்போம். எங்களில் ஒருவரும் அதுவரை ஒரு முதலாளியிடமும் வேலை செய்ததில்லை.

2006 ஆகஸ்டில் பாதை மூடியது. என் படிப்பும் நின்றது. 2007 கடைசியில் பாரிசுக்கு வந்து அகதி மனு போட்டேன். கையில் வேலை செய்ய அனுமதி இல்லை. கழுத்தில் ஏஜென்சிக் கடன். பத்து வருட காட் வைத்திருந்த ஒரு அண்ணர் தன் காட்டைத் தந்தார். அவர் என்னைவிட எட்டு வயது மூப்பு. படத்தில் அவருக்குக் கட்டை மீசை. சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த மீசையை வளர்த்துக்கொண்டுதான் வேலை கேட்கப் போனேன்.

கோப்பை கழுவும் வேலை கிடைத்தது. சம்பளம் அண்ணரின் வங்கிக் கணக்குக்குப் போகும். அவர் தன் பங்கையும் வரிக்காசையும் கழித்துவிட்டு மிச்சத்தைத் தருவார். பேப்பரில் கிழமைக்கு 35 மணித்தியாலம். என் கால்களின் கணக்கில் 60. குசினியில் எல்லோரும் அவருடைய பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். முதல் மாதம் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டேன். 'இவனுக்குக் காது மந்தம்' என்று குசினிக்காரர் முடிவு கட்டிவிட்டார்.

இரண்டாம் வருடம் பொரியல் எண்ணெய் கையில் கொட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போனால் வேலைவிபத்து என்று பதிவார்கள். யாருடைய பெயரில் பதிவது? முதலாளி என்னைக் கோப்பை கழுவும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், குளிர்தண்ணீரைத் திறந்து கையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டார்: "உன்னுடைய உண்மையான பெயர் என்ன?"

அந்த மனிசனுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. மருந்துக்கடையில் களிம்பு அவரே வாங்கித் தந்தார். கை ஆறிய பிறகு, கூடுதலாகச் செய்த மணித்தியாலங்களுக்குக் காசு கேட்டேன். "நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நீயும் என்னிடம் ஒன்றும் கேட்காதே" என்றார். கோபமே இல்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அன்றைக்குத்தான் 'தில்லு முல்லு'வில் எங்களை அவ்வளவு சிரிக்கவைத்தது எது என்று விளங்கியது. அந்த முதலாளி உண்மையாகவே ஏமாறுகிறார். ஏமாறுகிற முதலாளியைப் பார்க்கத்தான் காசு கொடுத்துப் போகிறோம். எனக்கு வாய்த்தவர் ஏமாந்தவர் மாதிரி நடித்தார். அந்த நடிப்பில் அவருக்கு கிழமைக்கு 25 மணித்தியாலம் லாபம்.

2010 இல் எனக்கு அகதி அந்தஸ்து கிடைத்தது. மீசையை வழித்துவிட்டு, என் சொந்தப் பெயரிலுள்ள காட்டோடு அதே கடைக்குப் போனேன். முதலாளி காட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "முதல் இங்கே வேலை செய்தவரின் தம்பியா?" என்று கேட்டார். குசினியே சிரித்தது, நானும் சிரித்தேன். பிறகு பத்திரம் நிரப்பும்போது, "முன் அனுபவம்?" என்றார். நான் பதில் சொல்ல முன்னரே 'இல்லை' என்று எழுதினார். புது ஆளுக்குரிய பரீட்சைக்காலம், புது ஆளுக்குரிய சம்பளம். சந்திரனின் அனுபவம் இந்திரனுக்குச் சேராதுதானே.

அவரைக் கெட்டவர் என்று எழுத மனம் வரவில்லை. தண்ணீருக்குள் என் கையைப் பிடித்திருந்தது அவர்தான். ஆனால் அந்தக் காசு என்னுடையது என்பதையும் நான் மறக்கவில்லை.

இந்த வருடம் பென்சனுக்கான வேலைக்கணக்குக் கடிதம் வந்தது. அதில் நான் 2010 இல்தான் பிரான்சில் முதன்முதலாக வேலைக்குப் போயிருக்கிறேன். அதற்கு முந்திய இரண்டு வருடக் கோப்பைகளும் அந்த அண்ணரின் பென்சனில் சேரும். போன மாதம் லாச்சப்பலில் அவரைக் கண்டேன். மீசையை எடுத்துவிட்டார்.